வில்லியனூர் சாலை ரீபோர் பட்டறை: அளந்த பிறகே கை வைக்கிறார்கள்

விமானப் பராமரிப்பில் பல ஆண்டுகள் பிஸ்டன் எஞ்சின்களோடு பழகியவன் என்பதால், என் பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350 நீலப் புகை கக்கத் தொடங்கியதுமே கோளாறு பிஸ்டனைச் சுற்றிச் சிலிண்டர் சுவரோடு ஒட்டி நிற்கும் வளையமான ரிங்கில்தான் என்று புரிந்துவிட்டது. புதுச்சேரி குருசுக்குப்பத்தில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, எட்டு மாதம் கிளப்பாமல் நின்ற வண்டி அது. லைகாமிங் போன்ற விமான எஞ்சின்களுக்கும் எமன் இதுவே: உப்புக் காற்றில் நெடுநாள் நின்றால் சிலிண்டர் சுவரில் பிடிக்கும் துரு, மறுபடி ஓட்டும்போது ரிங்கை அரம்போல அராவிவிடும்.

முதலில் பார்த்த மெக்கானிக் சிலிண்டரைத் தொடாமல் புது ரிங்கை மட்டும் மாட்டி அனுப்ப, 400 கிலோமீட்டருக்குள் புகை திரும்பிவிட்டது. வழவழத்துப்போன சுவரில் புது ரிங் படியாது.

இந்த வில்லியனூர் சாலைப் பட்டறையிலோ சிலிண்டர் துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜை விட்டு மேலும் நடுவிலும் கீழும் அளந்து, தேய்மானத்தை என் கண்ணுக்குக் காட்டிய பிறகே கூலி பேசினார்கள். 70 மில்லிமீட்டர் துளையைச் சற்றே பெரிய ஓவர்சைஸ் பிஸ்டனுக்கேற்பக் கடைந்து (இதுதான் ரீபோர்), ஹோனிங் கல்லால் குறுக்குக் கோடுகள் இழுத்து முடித்ததும், அங்குள்ள பெரியவர் ஒவ்வொரு ரிங்கையும் துளைக்குள் வைத்து, தலைகீழாகப் பிடித்த பிஸ்டனால் சமமாகத் தள்ளி, அதன் வாய் இடைவெளியில், இடுக்கை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜைச் செருகிப் பார்த்தார். ஒன்றில் இடைவெளி போதவில்லை; மெல்லிய அரத்தால் இரண்டே இழுப்பு இழுத்து மறுபடி அளந்தார். இதை விட்டிருந்தால், சூட்டில் விரியும் ரிங்கின் முனைகள் முட்டிக்கொண்டு சுவரைக் கீறியிருக்கும், அல்லது ரிங்கே ஒடிந்திருக்கும்.

குறையும் உண்டு. கம்ப்ரஷனை வெறும் கேஜில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விமான எஞ்சினில் 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்போம். காற்று கசியும் சீறல் பிரீதரில் (எஞ்சினின் காற்றுப்போக்குக் குழாயில்) கேட்டால் கோளாறு ரிங், சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. அந்தக் கருவியை வாங்கி வைக்கச் சொன்னேன். பெரியவர் சிரித்ததோடு சரி.

500 கிலோமீட்டர் ஓடும் வரை வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்ற அவர்களின் அறிவுரையையும் நான் முழுதாக ஏற்கவில்லை. புது சிலிண்டர் போட்ட விமான எஞ்சினை மிக மெதுவாகவே ஓட்டினால் ரிங் படியாமல் சுவர் வழவழத்துப்போகும்; ஆகவே வண்டியைச் சூடேற விடாமல், அவ்வப்போது சற்று முறுக்கித் தளர்த்தி ஓட்டினேன். 1,100 கிலோமீட்டர் ஆகிறது, ஆயில் இறங்கவில்லை.

நான்கு நாள் என்றார்கள், ஒன்பது நாள் ஆனது. பில்லில் ஓவர்சைஸ் அளவை எழுதுவதில்லை. அடுத்த முறை தேவைப்படும் என்று நானே கேட்டு, ஆர்சி புத்தகத்தின் உறையில் குறித்து வைத்துக்கொண்டேன்.