பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அலாய் வீல் வாங்கப் போகிறீர்களா? பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்

என்னுடையது 1991 மாஸ்டா எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை வண்டி. 2024 தொடக்கத்தில் அதற்கு நான்கு அலாய் வீலும் நான்கு டயரும் வாங்கினேன். மாட்டிய இரண்டாம் நாளே வலது பின்சக்கரம் ஃபெண்டரில் (சக்கரத்துக்கு மேலே உள்ள தகட்டில்) உரசி, விளிம்பில் இருந்த பெயிண்ட் போய்விட்டது. அதன் பிறகு ஐந்து வாரம் கடைக்கு நடையாய் நடந்ததுதான் மிச்சம். அதே போன்ற வண்டி வைத்திருப்பவர்கள் இதே குழியில் விழக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நான் விவரம் தெரியாமல் போகவில்லை. இந்த வண்டிக்குக் கம்பெனி கொடுத்தது 14 இன்ச், ஐந்தரை இன்ச் அகல ரிம், 185/60 ஆர்14 டயர். அந்த அளவில் நல்ல டயர் கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது. 15 இன்ச்சுக்குப் போனால் தேர்வு அதிகம். 195/50 ஆர்15 போட்டால் டயரின் மொத்த விட்டம் 576 மில்லிமீட்டர்; பழையது 578-க்குக் கொஞ்சம் கீழே. ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகம் பெரிதாக மாறாது. இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: 15 இன்ச், 7 இன்ச் அகலம், 4×100, ஆஃப்செட் 35, சென்டர் போர் (வீலின் நடு ஓட்டை) 54.1 மில்லிமீட்டர், அது பெரிதாக இருந்தால் ஹப் ரிங் (வீல் மாட்டும் ஹப்புக்கும் அந்த ஓட்டைக்கும் இடையில் போடும் வளையம்) வேண்டும்.

கடைக்காரர் தாளைப் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "சார், இது நாங்க தினமும் பண்ற வேலை. 4×100-னா ஏறிடும், கவலையே படாதீங்க" என்றார்.

ஏறத்தான் செய்யும். 4×100 என்பது நான்கு போல்ட்டுகள் நிற்கும் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டம். அது ஒத்துப்போய், நடு ஓட்டையும் ஹப்பைவிடச் சிறிதாக இல்லாவிட்டால் வீல் ஹப்பில் ஏறும். ஏறின வீல் வண்டிக்குள் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்வது ஆஃப்செட். வீல் ஹப்பில் உட்காரும் பரப்பு, ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பதுதான் அந்த எண். எண் குறையக் குறைய வீல் வெளியே வரும்.

முதல் நாள் ஸ்டியரிங் கொஞ்சம் கனமாக இருந்தது, புது டயர் என்று விட்டுவிட்டேன். மறுநாள் பக்கத்து சீட்டில் ஆள் ஏறி, ஒரு பள்ளத்தில் பின்பக்கம் இறங்கியதும் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் டயரின் தோளில் ஒரு விரல் அகலத்துக்கு ரப்பர் வழித்தெடுத்தது போல இருந்தது. ஃபெண்டரின் மடிப்பில் தகடு தெரிந்தது.

வீட்டுக்கு வந்து ஜாக்கி போட்டு வீலைக் கழற்றிக் கவிழ்த்தேன். ஸ்போக்கின் பின்பக்கம் பேலன்சிங் எடையின் பசையும் தூசியுமாக இருந்தது. துணியை நனைத்துத் துடைத்தேன். வார்ப்பிலேயே எழுதியிருந்தது: ஈடி 0. ஈடி என்பது ஆஃப்செட்டைக் குறிக்கும் எழுத்து. நான் கேட்டது 35. நான்கு வீலிலும் அதே பூஜ்யம்.

கணக்கைப் பாருங்கள். பழைய வீல் ஐந்தரை இன்ச், ஆஃப்செட் 45. நான் கேட்ட வீலில் வெளி விளிம்பு பழையதைவிட 29 மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கும். இந்த வண்டி அதைத் தாங்கும். இவர்கள் மாட்டியதில் 64 மில்லிமீட்டர். கேட்டதைவிட மூன்றரை சென்டிமீட்டர் அதிகம். ஃபெண்டரில் உரசுவது அதில் ஒரு பகுதிதான். சக்கரம் வெளியே தள்ளத் தள்ள வீல் பேரிங்குக்குச் சுமை கூடும், ஸ்டியரிங் கனக்கும், சாலையில் உள்ள ஒவ்வொரு தடத்துக்கும் கையை இழுக்கும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் இது உடனே தெரியும்.

கடையில் முதலில் "அலைன்மென்ட் பாருங்க" என்றார்கள். பிறகு "ஃபெண்டர் மடிப்பை உள்ளே மடிச்சுடலாம் சார்". முப்பது வருடத்துக்கு மேலாகத் துருப்பிடிக்காமல் காப்பாற்றி வைத்த தகடு அது. கடைசியில் "டயர் ஏத்திட்டா ரிட்டர்ன் கிடையாது". டயரை ஏற்றியதே அவர்கள்தான்.

இன்னொன்று, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கியது. இரண்டு முறை பேலன்சிங் செய்தும் போகவில்லை. காரணம், வீலின் நடு ஓட்டை 67.1, ஹப் 54.1, இடையில் ரிங் இல்லவே இல்லை. ரிங் இல்லாமலும் கூம்பு நட்டுகள் வீலை நடுவில் நிறுத்தும், ஆனால் சக்கரம் தரையைத் தொடாத நிலையில் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். இவர்கள் வண்டியை இறக்கிவிட்டு, நட்டு முடுக்கும் ஏர் கன்னை வைத்து ஒரே அழுத்து. நானே ரிங் வாங்கிப் போட்டு, டார்க் ரெஞ்சில் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானரில்) 100 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கியதும் நடுக்கம் நின்றது.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வந்தது டயரில்தான். பளபளவென்று, மேலே ரப்பர் முடிகள்கூட உதிராமல் இருந்தன. பிரேக் அடித்தால் மட்டும் பிடிப்பே இல்லை. உற்பத்தித் தேதியைத் தேடினேன், வெளிப்பக்கம் இல்லை. உற்பத்தித் தேதி அடங்கிய முழு டிஓடி எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் போதும் என்பது நடைமுறை. நான்கு டயரிலும் அந்தப் பக்கத்தை உள்ளே போகும்படி மாட்டியிருந்தார்கள். வண்டிக்கு அடியில் போனை நீட்டிப் படம் எடுத்துப் பார்த்தால், கடைசி நான்கு இலக்கம் 3615. அதாவது 2015-ஆம் ஆண்டின் 36-வது வாரம். புது டயர் என்று எனக்கு விற்றது எட்டு வயதைத் தாண்டிய சரக்கு. ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகும். எத்தனை முடி மிச்சம் இருந்தாலும், பத்து வருடம் ஆனால் மாற்றிவிடுங்கள் என்று மிஷலின் போன்ற தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். நான் அதில் என் மகளை உட்கார வைத்து ஓட்டியிருக்கிறேன்.

வாங்கப் போகிறவர்கள் டயர் ஏற்றுவதற்கு முன்பே வெறும் வீலைக் கவிழ்த்து எண்ணைப் படியுங்கள். எண் இல்லையென்றால் ஒரு நேர்க்கோலை ரிம்மின் பின்விளிம்பில் குறுக்கே வைத்து, அங்கிருந்து ஹப்பில் உட்காரும் பரப்புவரை டேப்பால் அளங்கள். 7 இன்ச் ரிம்மில் ஆஃப்செட் 35 என்றால் ஏறக்குறைய 137 மில்லிமீட்டர் வரும். பூஜ்யம் என்றால் 102 தான் வரும். அப்புறம், வெறும் வீலை முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று மாட்டி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். இதற்கு மறுக்கிற கடையில் வாங்காதீர்கள். ஆஃப்செட், சென்டர் போர், டயரின் தேதி எண் மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். என் பில்லில் இருப்பது 'அலாய் வீல் 15 இன்ச் – 4, டயர் – 4' என்ற ஒரே வரி. என் தாள் அவர் பையிலேயே போய்விட்டது, நகல் வைத்துக்கொள்ளவில்லை. புகார் கொடுக்கப் போனால் காட்ட என்னிடம் எதுவும் இல்லை.

பழைய 14 இன்ச் வீல்களே மறுபடியும் வண்டியில் ஏறிவிட்டன. புது வீல்களை யாராவது கேட்டால் ஈடி 0 என்று சொல்லித்தான் கொடுப்பேன். டயர்கள் யார் கைக்கும் போகக்கூடாது என்று பக்கச்சுவரை அறுத்துவிட்டுத்தான் அப்புறப்படுத்தினேன்.