வெண்பனி நிலத்தை எவ்வளவு மூடியிருக்கிறது: எடையால் கணிப்பதா, உயரத்தால் கணிப்பதா?

மட்டப்பலகை சரியாக ஓடாத வயலில் தண்ணீர் கட்டினால் பள்ளம் மூடிக்கொள்ளும், மேடு திட்டுத்திட்டாக வெளியே நிற்கும். மட்டக்களப்பின் படுவான்கரை வட்டைகளில் வெள்ளாமை செய்யும் எவருக்கும் இது தெரியும். வெண்பனி நிலத்தை மூடுவதும் இப்படித்தான். ஆனால் தண்ணீருக்கு இல்லாத ஒரு சிக்கல் பனிக்கு உண்டு, அதன் அடர்த்தி மாறிக்கொண்டே போகும். புதிதாக விழுந்தது கன மீற்றருக்கு 100 கிலோ அளவில் இருக்கும். அமுங்கி, நனைந்து, உருகத் தொடங்கும்போது 300ஐத் தாண்டும்.

வானிலையைக் கணினியில் கணிப்பவருக்கு, நிலத்தில் பனி மூடிய பங்கைச் சரியாகப் பிடிப்பது முக்கியம். புதுப்பனி பத்தில் எட்டுப் பங்கு வெயிலைத் திருப்பி அனுப்பும், ஈரமண் இரண்டு பங்குகூட அனுப்பாது. பங்கு பிழையானால் பகல் வெப்பநிலையும் பிழையாகும்.

ஒரே பனியை மூன்று முறைகளிலும் போட்டுப் பார்ப்போம். உருக்கினால் 10 மி.மீ. நீர் வரும் பனி. அடர்த்தி 100 என்றால் உயரம் 10 செ.மீ., 300 என்றால் 3.3 செ.மீ.

எடையை மட்டும் பார்ப்பது பழைய முறை. ஐரோப்பிய நடுத்தரகால முன்கணிப்பு மையம் 2009 வரை 15 மி.மீ. நீரை முழு மூடலாக எடுத்தது. புதுப்பனி, உருகும் பனி இரண்டுக்கும் விடை 67% தான். நோவா (Noah) என்ற நிலப்பரப்புக் கணினி மாதிரி, முழு மூடலுக்கு வேண்டிய நீரைப் புல்வெளிக்கு 40, ஊசியிலைக் காட்டுக்கு 80 மி.மீ. என்று பிரிக்கிறது. தாவரத்தைக் கவனிப்பது நல்லதுதான், ஆனாலும் அடர்த்தி அதன் கண்ணில் படுவதில்லை.

அதே ஐரோப்பிய மையம் 2009இல் கொண்டுவந்த விதி, உயரத்தை 10 செ.மீ.ஆல் வகுப்பது. புதுப்பனிக்கு 100%, உருகும் பனிக்கு 33%.

மூன்றாவது, நியூ, யாங் இருவரும் 2007இல் வெளியிட்டது. நிலத்தின் கரடுமுரடு 0.01 மீற்றர். அதை 2.5ஆல் பெருக்கி, அடர்த்தியை 100ஆல் வகுத்து வருவதை ஓர் அடுக்குக்கு உயர்த்திய எண்ணாலும் பெருக்க வேண்டும். வருவதால் உயரத்தை வகுத்து, கணிப்பானில் டான்எச் (tanh) அழுத்தினால் விடை. அடுக்கு 1 என்றால் புதுப்பனிக்கு 99.9%, உருகும் பனிக்கு 42%. 1.6 ஆக்கினால் உருகும் பனிக்கு 23% ஆகிவிடும். அடுக்கை இடத்துக்கேற்பச் சரிசெய்யாமல் இதை நம்பக்கூடாது.

பின்னிரண்டும் பிரியும் இடம் முதல் பனி. 2 செ.மீ. புதுப்பனிக்கு 10 செ.மீ. விதி 20% என்கிறது, மூன்றாவது 66%. சமதரையில் புதுப்பனி ஒரே சீராகப் படிவதால் மூன்றாவதே நிசத்துக்குக் கிட்ட நிற்கிறது.

அந்த ஐரோப்பிய மையம் வெளியிடும் கடந்தகால வானிலைத் தரவான ஈஆர்ஏ5ஐ (ERA5) இறக்கிக் கணிப்பவருக்கோ 10 செ.மீ. விதிதான் பொருந்தும், அந்தத் தரவை உண்டாக்கிய மாதிரியே அதைத்தான் பாவிக்கிறது. அங்கே ஒரு பொறி உண்டு. ஈஆர்ஏ5இல் ‘பனி ஆழம்’ என்ற பெயரில் வருவது நீரின் உயரம், அதன் நிலப்பரப்புப் பதிப்பான ஈஆர்ஏ5-லேண்டில் அதே பெயரில் வருவது பனியின் உண்மையான உயரம். முதலாவதை 1000ஆல் பெருக்கி அடர்த்தியால் வகுத்த பிறகே 0.1 மீற்றரால், அதாவது 10 செ.மீ.ஆல், வகுக்க வேண்டும். மறந்தால் மேலே சொன்ன புதுப்பனி 100%க்குப் பதில் 10% என்று வந்து நிற்கும்.