தொடருந்து முடியும் இடத்தில் எங்கள் மாவட்டம்

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் என்றாலும், 1986இல் ஆறு வயதில் வந்து சேர்ந்து வளர்ந்தது வட யேர்மனியின் லூகோ-டன்னன்பேர்க் மாவட்டத்தில் ஆகையால், இலண்டனில் குடியேறிப் பல ஆண்டுகள் சென்ற பின்னும் ‘ஊருக்குப் போகிறேன்’ என்று நான் சொல்வது அந்த மாவட்டத்தைத்தான். இம்முறை பன்னிரண்டும் பத்தும் வயதான அக்காவின் பிள்ளைகளையும் அழைத்துச் சென்றேன். வழியில் அவர்களுக்குச் சொன்னவற்றை அவர்கள் வயதொத்த உங்களுக்காகவும் எழுதுகிறேன்.

லூனபேர்க்கிலிருந்து காடுகளினூடே வரும் சிறிய தொடருந்து டன்னன்பேர்க் கிழக்கு நிலையத்தோடு நின்றுவிடுகிறது. “ஏன் மாமா, இதற்கு மேல் போகாதா?” என்று மருமகள் கேட்டாள். முன்னர் அப்பாதை எல்ப ஆற்றைக் கடந்து, அக்கரையிலுள்ள டோமிற்ஸ் வழியாக அப்பாலும் சென்றது. 1945 ஏப்ரலில் குண்டுவீச்சில் பாலம் சிதைந்தது. பின்னர் யேர்மனி இரண்டாகி ஆறே எல்லையாகிவிட்டதால் யாரும் அதைத் திருப்பிக் கட்டவில்லை. அதன் இரும்பு வளைவுகள் இக்கரை வெளியில் இன்றும் நிற்கின்றன. மூன்று பக்கமும் கிழக்கு யேர்மனி சூழ்ந்த மூலையாக இருந்த இம்மாவட்டத்தில், ஏறத்தாழ 1,200 சதுர கிலோமீற்றர் பரப்பில் 50,000 பேருக்கும் குறைவானவர்களே வாழ்கிறார்கள். நாட்டின் மாவட்டங்களுள் மக்கள்தொகை மிகக் குறைந்தது இதுவே.

ஆட்கள் குறைந்த இடத்தில் பேருந்தும் குறைவு. பெரும்பாலான பேருந்துகள் பாடசாலை நேரத்தை ஒட்டியே ஓடுகின்றன. நேர அட்டவணையில் பாடசாலை நாள்களைக் குறிக்கும் சிறிய எழுத்தை நான் கவனிக்காததால், விடுமுறை நாளொன்றில் பிள்ளைகளை இரண்டு மணி நேரம் தரிப்பிடத்தில் காக்கவைத்துவிட்டேன். முன்கூட்டியே பதிந்தால் வரும் அழைப்புப் பேருந்து மறுநாள் சொன்ன நேரத்துக்கு வந்தது. ஓட்டுநர் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடாத குறையாக உதவினார்.

அந்தப் பேருந்தில்தான் வட்டக் கிராமங்களைப் பார்க்கச் சென்றோம். நடுவே புல்வெளி, அதைச் சுற்றி மரச்சட்டமிட்ட பெரிய பண்ணை வீடுகள் யாவும் முகப்பை உள்நோக்கித் திருப்பி நிற்கும். லூபெல்ன் கிராமத்தில் இதற்கென அருங்காட்சியகமே உண்டு. இவ்வூர்களில் குடியிருந்த வெண்டியர் என்ற மக்கள், போலந்து மொழிக்கு உறவான ஸ்லாவிய மொழியொன்றைப் பேசினார்கள். பல ஊர்ப்பெயர்களில் இன்றும் அதன் ஒலி கேட்கிறது. அம்மொழி 18ஆம் நூற்றாண்டில் பேச்சிலிருந்து மறைந்தது. அது மறைவதைக் கண்ணெதிரே கண்ட யொகான் பாரும் சூல்ற்ச என்ற விவசாயி, தன் ஊர்க் குறிப்பேட்டில் அதன் சொற்களை எழுதிவைத்தார். வீட்டில் தமிழைக் கேட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்லும் என் மருமக்கள், இதைக் கேட்டபோது நெடுநேரம் பேசாமல் இருந்தார்கள். எனக்கும் தொண்டை அடைத்தது.

தீயணைப்புப் பணியை இங்கே ஊர்மக்களே ஊதியமின்றிச் செய்கிறார்கள். பத்து வயதிலேயே இளையோர் பிரிவில் சேரலாம் என்றதும் மருமகனுக்கு இலண்டனுக்குத் திரும்பும் எண்ணமே போய்விட்டது. 2002இலும் 2006இலும் எல்ப வெள்ளம் புகுந்த ஹிற்ஸாக்கர் நகரில், பின்னர் கட்டிய தடுப்புச் சுவர் 2013 வெள்ளத்தைத் தாங்கியதையும் காட்டினேன். களஞ்சியச் சுவர்களில் X வடிவில் மஞ்சள் மரக் குறிகளைக் கண்டால் கேளுங்கள்: 1977இல் அணுக்கழிவைப் புதைக்க இம்மாவட்டத்துக் கோர்லேபன் ஊர் தெரிவானதை எதிர்த்து நின்ற குடும்பங்களின் அடையாளம் அது. 2020இல் அவ்விடம், கழிவைப் புதைக்க ஆராயும் இடங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

கடைசி நாளில் எல்ப ஆற்றின் பேவெஸ்டோர்ப் துறையில் படகேறி அக்கரையிலுள்ள லென்ஸனுக்குக் கடந்தோம். சிறுவயதில் அப்பா என்னை இக்கரைவரைதான் அழைத்துவருவார். மறுகரையில் கிழக்கு யேர்மனியின் கம்பிவேலி தெரியும். இப்போது மிதிவண்டிகளோடும் மகிழுந்துகளோடும் சில நிமிடங்களில் அக்கரை சேர்ந்தோம். ஆற்றில் நீர் மிகக் குறைந்தாலோ ஏறினாலோ படகு ஓடாது, புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.