பலாமரத்தில் நானே செய்த பேஸ் கிட்டார்: ஐந்தாறு வருடம் வாசித்த பிறகு

வீட்டு கார் ஷெட்டில் கையால் செய்த நாலு கம்பி பேஸ் இது. சர்ச்சில் ஞாயிறு ஆராதனை, கல்யாண மண்டபக் கச்சேரி, வீட்டில் பயிற்சி என்று ஐந்தாறு வருடமாக எல்லாவற்றுக்கும் இதைத்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "என்ன மரம்?" என்றுதான். இத்தனை நாள் வாசித்ததில் எனக்குத் தெளிவானது, கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை, நெக், அதாவது கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்துப் பகுதி, எப்படிச் செய்தீர்கள் என்பதுதான். நெக் சரியாக அமைந்துவிட்டால் பாடி எந்த மரமாக இருந்தாலும் வாசிக்கலாம், நெக் கோணிவிட்டால் கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப் எவ்வளவு விலை உயர்ந்ததாகப் போட்டாலும் வீண்.

பாடி, பலா. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் காலங்காலமாகப் போகிற மரம், மரக்கடையில் நன்றாகக் காய்ந்த வைரப்பலகை கிடைத்தது, எடுத்துக்கொண்டேன். 45 மில்லிமீட்டர் கனம். இழைத்த புதிதில் பளீரென்று மஞ்சளாக இருந்தது, வெளிச்சம் பட்டுப் பட்டு இப்போது வெல்லப்பாகு நிறத்துக்கு வந்துவிட்டது, பார்க்க அவ்வளவு அழகு. எடைதான் கொஞ்சம் அதிகம், மொத்தம் நாலரைக் கிலோவைத் தாண்டும். மூன்று மணி நேரம் நின்று வாசித்தால் தோள் சொல்லும். அகலமான தோல் வார் போட்ட பிறகு பரவாயில்லை, ஆனால் இன்னொன்று செய்தால் மலைவேம்பு மாதிரி லேசான மரத்தைத்தான் பார்ப்பேன்.

இனி நெக். ஒரே கட்டையில் செதுக்கவில்லை. இரண்டு பக்கமும் தேக்கு, நடுவில் ஈட்டி மரம், மூன்று பட்டைகளை ஒட்டிச் செய்தது. ஈட்டி ஒரு பழைய கட்டிலின் சட்டத்திலிருந்து வந்தது, பல வருடம் காய்ந்து ஆட வேண்டியதெல்லாம் ஆடி முடித்த மரம். ஒரு தேக்குப் பட்டையின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்கு எதிராக மற்றதைத் திருப்பி வைத்து ஒட்டினால், ஒன்று முறுக்கப் பார்க்கும்போது மற்றது பிடித்துக்கொள்ளும். தேக்கில் எண்ணெய் இருக்கிறதே, அதனால் ஒட்டுவதற்குச் சற்று முன்னால் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, மெதுவாக இறுகும் எப்பாக்சி பசை போட்டு, கிளாம்ப் வரிசையாக இறுக்கி, முழு ஒரு நாள் தொடாமல் விட வேண்டும். வழக்கமான 34 அங்குல ஸ்கேலில் (கம்பி அதிரும் நீளம்) நாலு கம்பியையும் சுருதிக்கு ஏற்றினால் நெக்கை இழுக்கிற விசை 70 கிலோவுக்கு மேல். பகல் ராத்திரி அது இழுத்துக்கொண்டே இருக்கும், அதனால் இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது.

நெக்குக்கு உள்ளே அதன் வளைவைச் சரிசெய்கிற, இரண்டு பக்கமும் திருப்பக்கூடிய ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பி இருக்கிறது. சென்னைக்கு அது கட்டாயம். ஐப்பசி மழை பிடித்ததும் என் நெக் லேசாக முன்னால் வளைந்து கம்பிகள் உயரும், கால் சுற்று இறுக்கினால் போதும், தை மாசம் திரும்பவும் தளர்த்துவேன். நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்களில் முதலாவதிலும் கடைசியிலும் கம்பியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஏழாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு உரசாமல் நுழைகிறதா என்று பார்ப்பேன். அவ்வளவுதான் பராமரிப்பு. முறுக்கல் மட்டும் இதுவரை துளியும் இல்லை, அது அந்த மூன்று பட்டையால்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஃப்ரெட் இடைவெளிக் கணக்கு எளிது. 34 அங்குலம், அதாவது 863.6 மில்லிமீட்டரை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து (நெக்கின் மேல் முனையில் கம்பிகள் தங்கும் சின்னக் கட்டை) 48.47 மில்லிமீட்டரில் வரும், மீதி நீளத்தைத் திரும்ப அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது, பன்னிரண்டாவது சரியாகப் பாதியில் விழ வேண்டும். குறிக்கும்போது ஒவ்வொன்றையும் நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள். ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததை அளந்துகொண்டே போனால் மயிரிழை பிசகு சேர்ந்து சேர்ந்து மேலே போகும்போது காதில் உறைக்கும். எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளில் பேஸ் கீழேயே நின்றுகொண்டிருக்காது, மேலே ஏறித் தனியாக ஒரு மெட்டே போடும், அங்கே சுருதி விலகினால் பாட்டே கெட்டது.

ஜி கம்பியில் ஆறாவது ஃப்ரெட் பக்கம் ஒரு ஸ்வரம் மற்றதைவிடச் சீக்கிரம் அடங்குகிறது. திருகாணியில் பூட்டிய நெக் உள்ள பல பேஸ்களில், கடையில் வாங்கியதிலும், அஞ்சிலிருந்து ஏழு ஃப்ரெட் வரை எங்காவது இது இருக்கும். அந்த ஸ்வரத்தின் அதிர்வும் நெக்கின் சொந்த அதிர்வும் ஒத்துப்போவதால் கம்பியின் சக்தியை நெக் உறிஞ்சிவிடுகிறது. ஹெட்ஸ்டாக்கில், அதாவது நெக்கின் நுனியில் முறுக்காணிகள் இருக்கும் தலைப் பகுதியில், சின்ன கிளாம்ப் ஒன்று மாட்டிப் பாருங்கள், அந்த இடம் நகர்ந்துவிடும். மேடையில் டிரம்ஸோடு சேர்ந்து வாசிக்கும்போது யாருக்கும் தெரியாது, வீட்டில் தனியாக நீட்டி வாசித்தால் தெரியும்.

பிக்கப் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1957-இல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் வந்த இரண்டு துண்டு வகை, சுருள்கள் எதிரெதிர் திசையில் சுற்றியிருப்பதால் இரைச்சலைத் தானே அடித்துவிடும். நம் மண்டபங்களில் எர்த் ஒழுங்காக இருக்காது, சீரியல் லைட்டும் ஃபேன் ரெகுலேட்டரும் அதே லைனில் ஓடும். ஒற்றைச் சுருள் பிக்கப் அங்கே ம்ம்ம் என்று முனகிக்கொண்டே இருக்கும், இது வாயே திறக்காது. உள்குழி முழுக்கச் செம்புத்தாள் ஒட்டி எர்த் கொடுத்திருக்கிறேன், அதையும் விட்டுவிடாதீர்கள்.

பாடிக்கு அரக்கு பாலிஷ், நெக்குக்கு வெறும் எண்ணெய். முன்னங்கை உரசும் ஓரத்தில் வியர்வை பட்டு அரக்கு வெளுத்துத் தேய்கிறது, ஆனால் துணியில் தொட்டு ஒரு கோட் இழுத்தால் பழையபடி ஆகிவிடும். நெக் எண்ணெய் மட்டும்தான் என்பதால் எவ்வளவு வியர்த்தாலும் கை ஒட்டாமல் வழுக்கிப் போகும், எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் அதுதான். பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் சின்னத் திருகாணிகள் கடல்காற்றில் துருப்பிடித்தன, ஸ்டெயின்லெஸ் வாங்கி மாற்றியாயிற்று.

பணம் மிச்சம் பிடிக்க இதில் இறங்க வேண்டாம், கருவி, பாகங்கள் எல்லாம் சேர்த்தால் கடையில் ஒரு நல்ல பேஸே வந்துவிடும். இப்போது முதல் அஞ்சு ஃப்ரெட்டில் கம்பி படும் இடங்கள் பள்ளமாகத் தொடங்கிவிட்டன. ஒரு தடவை அரம் போட்டுச் சமன் செய்தால் இன்னும் ரெண்டு வருடம் ஓடும், அப்புறம் மொத்தமாகப் பிடுங்கிவிட்டு ஸ்டெயின்லெஸ் ஃப்ரெட் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.