லாக்கருக்குள் ஈரம்: சிலிக்கா ஜெல்லா, கால்சியம் குளோரைடா?

30 லிட்டர் லாக்கரில் அடைபடும் காற்றில், 30 டிகிரி சூட்டில், எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் ஒரு கிராம் தண்ணீர்கூடத் தேறாது. அப்படியிருந்தும் பத்திரம் நமுத்துப் போகிறது, பீரோ சாவியில் துரு ஏறுகிறது. காரணம், ஈரம் பெரும்பாலும் காகிதத்திலும் துணிப்பையிலும் ஒளிந்திருக்கிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் புதிதாகவும் வருகிறது. தீத்தடுப்பு லாக்கர் என்றால் கேட்கவே வேண்டாம். பல மாடல்களில் சுவருக்குள் இருக்கும் காப்புப் பொருளே தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். தீப்பிடித்தால் அது ஆவியாகிச் சூட்டைத் தணிக்கும், மற்ற நாளில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கசியும்.

கடையில் முதலில் கண்ணில் படுவது கால்சியம் குளோரைடு டப்பா. மேல் தட்டில் வெள்ளைக் கட்டிகள், கீழ்த்தட்டில் சேரும் தண்ணீர். தன் எடையைவிட அதிகமாகவே ஈரம் இழுக்கும், துணி அலமாரிக்கு அருமையான சாமான். லாக்கருக்குள் மட்டும் வேண்டாம். அடியில் சேர்வது வெறும் தண்ணீர் இல்லை, இரும்பை அரிக்கும் உப்புக்கரைசல். நகைப்பெட்டியை இழுக்கும்போது டப்பா கவிழ்ந்தால் பத்திரமும் போச்சு, லாக்கர் தளமும் போச்சு.

சின்னச் சின்ன மணிகளாக வரும் சிலிக்கா ஜெல் இவ்வளவு குடிக்காது. ஆனால் குடித்ததைத் தண்ணீராக ஒழுகவிடாது, மணியைத் தொட்டால் காய்ந்தே இருக்கும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருக்கும்போது தன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பிடிக்கும். 200 கிராம் போட்டால் 40 கிராம் தண்ணீர், சின்ன லாக்கருக்கு அதுவே தாராளம். நிறம் மாறும் மணியாக வாங்குங்கள். ஈரம் ஏறினால் நீலம் இளஞ்சிவப்பாகும், ஆனால் அதில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சு உப்பு இருக்கிறது. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆரஞ்சு மணி மேல். ஓவனில் 110-120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மறுபடி தயார். செருப்புப் பெட்டியில் வந்த பொட்டலங்களைச் சேர்த்து வைத்துப் போடுவது வீண், அவை ஏற்கெனவே வயிறு நிறையக் குடித்தவை.

மாலிக்யூலர் சீவ் என்ற இன்னொரு ஈரம் உறிஞ்சும் பொருள் இன்னும் வலுவானது. ஆனால் அதை உலர்த்த 200 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், வீட்டுக்கு ஒத்துவராது. அரிசி மூட்டை? அதிலேயே எடையில் எட்டில் ஒரு பங்கு ஈரம் உண்டு, போதாததற்கு வண்டும் வரும். கற்பூரம் ஈரத்தை இழுக்காது.

கூடவே ஈரப்பதம் காட்டும் ஒரு குட்டி ஹைக்ரோமீட்டர் வையுங்கள். 50 சதவீதத்தைத் தாண்டினால் மணியை மாற்ற வேண்டும். 35-க்குக் கீழே போனால் பாதி மணியை வெளியே எடுத்துவிடுங்கள், முத்து மாலை இருக்கும் லாக்கர் என்றால் கட்டாயம், அளவுக்கு மீறிக் காய்ந்தால் முத்து கெடும்.