வீட்டில் செய்யும் போதை டெஸ்ட் கிட்: ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கிட் வந்து சேர்ந்த விதத்தில் குறை இல்லை. பெட்டி நசுங்கவில்லை, ஐந்து கப்பும் சீல் உடையாமல் இருந்தன, உள்ளே என்ன பொருள் என்று வெளியே எழுதாமல்தான் அனுப்பியிருந்தார்கள். அரை நட்சத்திரம் அதற்கு. மீதி ஒன்று எதற்கு என்று போகப்போகச் சொல்கிறேன்.

என் மகனுக்குப் பதினாறு வயது. கொஞ்ச நாளாகவே ஆள் சரியில்லை. மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான், கேட்டால் தலைவலி என்பான், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவான். ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் போனைத் தடவிக்கொண்டிருந்தபோது வாங்கியதுதான் இது. அந்த நேரத்தில் நாம் வாங்குகிற எதையும் நிதானமாக யோசித்து வாங்குவதில்லை, விற்கிறவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும்.

சிறுநீரைக் கப்பில் பிடித்து, பட்டையை நனைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். எனக்கு வந்தது ஐந்து பொருட்களைப் பார்க்கிற வகை: கஞ்சா, கொக்கெயின், ஆம்ஃபெட்டமைன், மெத், அபின் வகை. மேலே ஒரு கோடு வந்தால் பட்டை வேலை செய்கிறது என்று அர்த்தம். கீழே வருவதுதான் அந்தந்தப் பொருளுக்கான கோடு. இங்கேதான் முதல் கூத்து. கோடு வந்தால் ‘இல்லை’, கோடு வராவிட்டால் ‘இருக்கிறது’. கர்ப்பம் பார்க்கிற டெஸ்டுக்கு நேர் தலைகீழ். பட்டையில் ஏற்கனவே அந்தப் போதைப்பொருளைக் கொஞ்சம் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பொருளை மட்டும் பிடித்துக்கொள்ளும் புரதமான ஆன்டிபாடி, சாயம் பூசியது, அதில் போய் ஒட்டினால் கோடு தெரியும். சிறுநீரிலேயே போதைப்பொருள் இருந்தால் ஆன்டிபாடி அதைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் போய்விடும், கோடு விழாது. இதைத் துண்டுச் சீட்டின் மூன்றாவது மடிப்பில் எறும்பு அளவு எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கோடு மங்கலாக வந்தாலும் ‘இல்லை’ என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அங்கேதான் இருக்கிறது. நான் அதைப் படிக்கவில்லை. கஞ்சா இடத்தில் கோடு மங்கலாக வந்ததைப் பார்த்து அரை மணி நேரம் அழுதேன்.

அழுது முடித்துச் சீட்டை ஒழுங்காகப் படித்து, அப்பாடா கஞ்சா இல்லை என்று நிமிர்ந்தால், ஆம்ஃபெட்டமைன் இடத்தில் கோடே இல்லை.

அன்று நான் கத்தியது பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும். அவன் "இல்லம்மா, சத்தியமா இல்லம்மா" என்று சொல்லச் சொல்ல எனக்குக் கோபம் ஏறியது. பட்டை பொய் சொல்லுமா, நீதானே பொய் சொல்கிறாய் என்று கேட்டேன். அவனுடைய அப்பா போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். மறுநாள் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனோம். அவர் பட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "சளிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிட்டியாப்பா?" என்றுதான். சாப்பிட்டிருந்தான். நான்தான் கொடுத்தேன். மூக்கடைப்புக்குக் கொடுக்கிற சூடோஎஃபெட்ரின் ஆம்ஃபெட்டமைன் பட்டையை ஏமாற்றும் என்பது டாக்டர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயமாம். கசகசா நிறையச் சாப்பிட்டால் அபின் பட்டை இப்படி மாட்டிவிடுமாம். லேபில் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் உறுதிப்படுத்தும் டெஸ்ட் எடுத்தோம், எதுவும் இல்லை என்று வந்தது. வீட்டு டெஸ்ட் முதல்கட்டம் மட்டும்தான், லேபில் உறுதி செய்யாமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்று சீட்டிலும் எழுதியிருக்கிறது, அதே மூன்றாவது மடிப்பில்.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை" என்றான். அந்தப் பரவாயில்லையில் ஒன்றுமே இல்லை.

இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. மூன்று வாரம் கழித்து மறுபடியும் சந்தேகம் வந்தது, இரண்டாவது கப்பை எடுத்தேன். இந்த முறை பாத்ரூம் கதவைத் திறந்து வைக்கச் சொல்லி வெளியே நின்றேன். தண்ணீரை வயிறு முட்டக் குடித்துச் சிறுநீரை நீர்த்துப்போக வைப்பார்கள், வேறொருவருடையதைக் கொண்டுவருவார்கள் என்றெல்லாம் படித்திருந்தேன். அதற்காகவே கப்பில் சூடு காட்டும் பட்டை ஒன்று ஒட்டியிருக்கிறது, அப்போதுதான் பிடித்தது என்றால் 32 முதல் 38 டிகிரிக்குள் காட்டும். பதினாறு வயதுப் பையன் சிறுநீர் கழிக்கும்போது அம்மா கதவருகே நிற்பது எப்படி இருக்கும் என்று இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது. ஐந்து கோடும் பளிச்சென்று வந்தன. அன்று ராத்திரி பல வாரங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

நான்கு நாள் கழித்து அவன் அறைத் தரையில் கிடந்தான். கூப்பிட்டால் எழவில்லை, கிள்ளினால் லேசாக முனகினான், உடம்பு சில்லென்று இருந்தது, மூச்சு விட்டுவிட்டு வந்தது. மது, அதோடு என் மாமியாரின் தூக்க மாத்திரை. இரண்டுமே மூச்சை மந்தமாக்கும், சேர்ந்தால் மூச்சே நின்றுபோகலாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டோம். தூங்கினால் தெளிந்துவிடும் என்று விடாதீர்கள், காபி கொடுப்பது, தண்ணீரை ஊற்றுவது எதுவும் உதவாது. நிமிடத்துக்கு எட்டு மூச்சுக்குக் கீழே போனாலோ, இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து விநாடி இடைவெளி விழுந்தாலோ அதற்குமேல் யோசிக்கக் கூடாது. இதை அன்று எனக்குச் சொன்னது ஆம்புலன்ஸில் வந்தவர். கிட்டோடு வந்த சீட்டில் இதில் ஒரு வரிகூட இல்லை.

எட்டு மாதமாகக் குடித்துக்கொண்டிருந்தானாம். தூங்க முடியாமல் மாத்திரையில் கை வைத்தது கடைசி ஒரு மாதம். என் கிட்டில் மதுவும் இல்லை, தூக்க மாத்திரையும் இல்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்த மறுநாள் அவனே சொன்னான்: "நான் செஞ்சத அது கண்டுபிடிக்கல, செய்யாததக் கண்டுபிடிச்சுது." இந்தப் பொருளுக்கு இதைவிடச் சரியான விமர்சனத்தை என்னால் எழுத முடியாது.

இன்னும் நிறையப் பொருள் பார்க்கிற கிட்டை வாங்கியிருக்கலாமே என்று என் அக்கா கேட்டாள். அப்போதும் இதே கதைதான். மது சில மணி நேரத்தில் சிறுநீரிலிருந்து போய்விடும். அதன் எச்சத்தைத் தேடும் இடிஜி டெஸ்ட் இரண்டு மூன்று நாள் வரை பிடிக்கும், ஆனால் மது கலந்த வாய்கொப்பளிக்கும் திரவத்துக்கும் கை சானிடைசருக்கும்கூட அது மாட்டிக்கொள்ளும். கஞ்சா நேர் எதிர். எப்போதோ ஒருமுறை இழுத்தவனுக்குச் சில நாளில் மறைந்துவிடும், தினமும் இழுத்தவன் நிறுத்திய பிறகும் ஒரு மாதம் வரை, சில சமயம் அதற்கு மேலும் காட்டிக்கொண்டே இருக்கும். அதாவது உண்மையாகவே விட்டுவிட்ட பிள்ளையைப் பொய்யன் என்று சொல்லும். டிரமடால், ஃபென்டனில் போன்ற செயற்கை வலி மருந்துகள் சாதாரண அபின் பட்டையில் தெரியாது. பசை, பெயிண்ட் தின்னர் முகர்கிறவர்களை எந்த வீட்டுக் கிட்டும் பிடிக்காது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2007-இலேயே பெற்றோர் வீட்டில் இப்படி டெஸ்ட் செய்வதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லிவிட்டது. நான் அதைப் படித்தது எல்லாம் முடிந்த பிறகுதான்.

சரி, வேலை செய்தது எது என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு டாக்டர் எங்கள் இருவரையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனோடு தனியாகப் பேசினார். கிராஃப்ட் என்று ஒரு கேள்வித்தாள், 12 முதல் 21 வயது வரை உள்ளவர்களுக்காகச் செய்தது, ஆறே கேள்வி. போதையில் இருப்பவர் ஓட்டிய வண்டியில் போயிருக்கிறாயா, மனசை லேசாக்க எடுக்கிறாயா, தனியாக இருக்கும்போது எடுக்கிறாயா, எடுத்தபோது செய்தது மறந்துபோனதுண்டா, வீட்டிலோ நண்பர்களோ குறைத்துக்கொள் என்றார்களா, அதனால் வம்பில் மாட்டியிருக்கிறாயா. இரண்டுக்கு ஆமாம் என்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். என் மகன் நான்குக்கு ஆமாம் என்றிருக்கிறான். கப் இல்லை, கோடு இல்லை, யாரும் கதவருகே நிற்கவில்லை, பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டான். எனக்கு அவமானமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. உன் உயிருக்கோ வேறு யார் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் வெளியே சொல்வேன், மற்றது நமக்குள் என்று டாக்டர் முதலிலேயே அவனிடம் சொல்லியிருந்தாராம். மாத்திரையை எத்தனை நாளாக, எவ்வளவு என்று துருவிக் கேட்டதும் அவர்தான். தினமும் நிறையக் குடித்தவர்களோ தூக்க மாத்திரைக்குப் பழகியவர்களோ வீட்டில் பிடித்து வைத்துத் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம், அதனால் டாக்டர் சொல்கிற வேகத்தில்தான் குறைக்க வேண்டும்.

"இந்த வயசுல எல்லாரும் கொஞ்சம் குடிக்கறதுதானே" என்று என் வீட்டுக்காரர் அங்கேயே ஒரு போடு போட்டார். டாக்டர் சண்டைக்குப் போகவில்லை. அமெரிக்காவில் 1997-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் 15 வயதுக்கு முன் குடிக்க ஆரம்பித்தவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள், 20 வயதுக்குப் பிறகு ஆரம்பித்தவர்களில் சுமார் 10 சதவீதம்தான் என்று மட்டும் சொன்னார். அதற்குச் சீக்கிரம் ஆரம்பித்ததே காரணமா, ஆரம்பிக்க வைத்த சூழல் காரணமா என்பது வேறு விவாதமாம். ஆனாலும் என் வீட்டுக்காரர் பேச்சு அதோடு நின்றது.

பிறகு கவுன்சிலர். இவன் வரமாட்டேன் என்று அடம் பிடித்தான். அப்படியானால் நீங்கள் இரண்டு பேரும் வாருங்கள் என்றார் அந்த அம்மா. சிகிச்சைக்கு மறுக்கிறவரின் குடும்பத்துக்குப் பயிற்சி கொடுக்கும் முறை ஒன்று இருக்கிறது, ராபர்ட் மேயர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கியது. ஆய்வுகளில் சுமார் மூன்றில் இரண்டு குடும்பங்கள், மறுத்தவரைக் கடைசியில் சிகிச்சைக்குக் கொண்டுவந்துவிட்டன. அங்கே கற்றது எதுவும் பெரிய வித்தை இல்லை. குடித்திருக்கும்போது பேசாதே, தெளிந்த பிறகு பேசு. தெளிவாக இருக்கிற மாலையில் அவனோடு உட்கார், அவனுக்குப் பிடித்ததைச் செய். குடித்த அன்று அந்தக் கவனிப்பு இருக்காது, ஆனால் திட்டும் இருக்காது. அவன் பள்ளிக்குப் போகாததற்கு ‘காய்ச்சல்’ என்று நான் எழுதிக் கொடுத்த பொய் லீவு லெட்டர்களை நிறுத்து. இந்தக் கடைசியில்தான் எனக்குக் கண்ணீரே வந்தது, அத்தனை லெட்டர் எழுதியிருக்கிறேன். வீட்டு மாத்திரைகளெல்லாம் அன்றே பூட்டுக்குள் போயின.

குறையும் சொல்லியாக வேண்டும். முதல் சந்திப்புக்கே பல வாரம் காத்திருந்தோம், அதற்குள் பயத்தில் பாதி உயிர் போய்விட்டது. முதல் இரண்டு முறை எங்களைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள் என்று தோன்றியது, என் வீட்டுக்காரர் நடுவில் எழுந்தே போய்விட்டார். மூன்றாவது முறை அவராகவே வந்தார், ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆறாவது வாரம் இவன் "நானும் வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். இந்த ஐந்து மாதத்தில் ஒரு முறை மறுபடி குடித்தான். எந்த நேரம் கூப்பிட்டாலும் வந்து அழைத்துக்கொள்வோம், அன்று ராத்திரி ஒரு கேள்வியும் கேட்கமாட்டோம் என்று கவுன்சிலர் முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தோம். பதினொன்றரை மணிக்குப் போன் வந்தது. "அம்மா, குடிச்சிட்டேன், வண்டி ஓட்டறவனும் குடிச்சிருக்கான், வர்றீங்களா." போனேன். வழி முழுக்க வாயைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன், அவ்வளவு கஷ்டமான காரியத்தை நான் சமீபத்தில் செய்ததில்லை. மறுநாள் சாயங்காலம்தான் பேசினோம்.

அந்த மீதி ஒரு நட்சத்திரத்துக்கு வருகிறேன். இந்தக் கிட் கொடுத்த தப்பான ரிசல்ட்தான் எங்களை டாக்டரின் வாசலுக்கு முதலில் தள்ளியது, அதற்காக. டாக்டரே சொல்லி, பிள்ளையும் சம்மதித்து, ரிசல்ட் என்ன வந்தால் என்ன செய்வது என்று முன்பே பேசி வைத்துக்கொண்டு டெஸ்ட் எடுக்கிற வீடுகள் இருக்கின்றன, அங்கே இதற்கு ஒரு உபயோகம் இருக்கலாம். ராத்திரி இரண்டு மணிக்கு வாங்குகிறவர்கள் வாங்க வேண்டாம்.

ஐந்தில் மூன்று கப் மீதி இருக்கிறது. என்ன செய்யலாம் என்று அவனிடமே கேட்டேன். "எக்ஸ்பயரி ஆயிருந்தா தூக்கிப் போடுங்கம்மா" என்றான். எடுத்துப் பார்த்தேன், இன்னும் எட்டு மாதம் இருந்தது. போட்டுவிட்டேன்.