காஸ் துணியா, தேன் ஹைட்ரோஜெல்லா?

பீச் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது படி இடித்து அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்துவிட்டது. சர்க்கரை உடம்பு வேறு. முதல் பத்து நாள் அயோடின் களிம்பும் காஸ் துணியும் (புண்ணுக்குக் கட்டும் வலைத்துணி), அப்புறம் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தேன் கலந்த ஹைட்ரோஜெல் ஷீட், அதாவது புண்மேல் ஒட்டும் ஈரமான ஜெல்லித் தகடு. நான் இப்போது ஜெல் கட்சி.

விலையில் காஸ்தான் ஜெயிக்கும், எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கும். சரி, அதை விடுங்கள்.

விஷயமே கட்டைப் பிரிக்கும்போதுதான். காஸ் காய்ந்து புண்ணோடு ஒட்டிக்கொள்ளும், சலைன் (உப்புநீர்) ஊற்றி ஊறவைத்து எடுத்தாலும் அடியில் புதிதாக வந்த இளந்தோல் கூடவே பிய்ந்து ரத்தம் கசியும், நேற்று ஆறியது இன்று மறுபடி பச்சைப்புண். காபி குடித்து முடித்ததுமே அம்மா "இன்னிக்கு ஒரு நாள் விடேன்" என்று ஆரம்பித்துவிடுவார். ஜெல்லில் பெரும்பகுதி தண்ணீர், அதனால் நுங்கு மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. தினமும் பிரித்தது போய் மூன்று நாளுக்கு ஒருமுறை ஆனது. புண்ணைக் காற்றாட விட்டால்தான் ஆறும் என்பது எங்கள் வீட்டு வேதவாக்கு. ஆனால் 1962-இலேயே ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் பன்றிகளிடம் செய்த சோதனையில், ஈரம் போகாமல் மூடிவைத்த காயத்தில்தான் தோல் வேகமாக மூடியது.

தேனின் அடர்ந்த சர்க்கரை, புளிப்பு, மெல்ல ஊறும் ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம் கிருமியை அடக்கும். ஆனால் ஆறியது தேனாலா ஈரத்தாலா என்று ஒரே ஒரு காலை வைத்துக்கொண்டு என்னால் சொல்ல முடியாது. (சமையலறைத் தேனைத் தடவிவிடாதீர்கள், அதில் பாக்டீரியா வித்துகள் இருக்கலாம், மருத்துவத் தேனைக் காமா கதிரில் சுத்தப்படுத்துகிறார்கள்.) அம்மா கேட்டதென்னவோ மஞ்சள். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் தண்ணீரில் லேசில் கரையாது, நுண்துகளில் அடைத்துத்தான் ஜெல்லுக்குள் வைக்க வேண்டியிருக்கிறது. காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கு அமெரிக்காவில் 1995-இல் காப்புரிமை கொடுத்து, நம் மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் சண்டை போட்ட பிறகு 1997-இல் ரத்து செய்த கதையைச் சொன்னதும் அம்மாவுக்கு வலியே மறந்துவிட்டது.

நிறைய நீர் வடிகிற புண்ணுக்கு ஜெல் சரிப்படாது, சுற்றியுள்ள தோல் ஊறி வெளுத்துவிடும். அம்மாவுடையது மேலோட்டமான காயம். ஆழமான சர்க்கரைப் புண்ணில் எனக்கு அனுபவம் இல்லை. இன்னொன்று, சென்னை மே மாத வேர்வையில் பிளாஸ்திரி நிற்காமல் ஜெல் கணுக்கால்வரை இறங்கிவிடுகிறது. கடைசியில் அது நழுவாமல் இருக்க மேலே தளர்வாகச் சுற்றியது, அதே காஸ் துணியைத்தான்.